முதல் ஃபிளின்ட்லாக் ரைஃபிள்: பெட்டியில் வரும் பாகங்கள் துப்பாக்கியாவது எப்படி

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், கிறிஸ்துமஸ் கழிந்ததும் மான் வேட்டைக்கென்று தனியாக ஒரு பருவம் தொடங்கும். 1974இல் வந்த அந்தப் பருவத்தின் விதி வேடிக்கையானது. துப்பாக்கி எடுத்துச் செல்வோர், சக்கிமுக்கிக் கல்லால் எஃகைச் சுரண்டிப் பொறி எழுப்பி மருந்தைப் பற்றவைக்கும் ஃபிளின்ட்லாக் வகையைத்தான் எடுத்துச் செல்ல வேண்டும். இருநூறு ஆண்டுகளுக்கு முன் வழக்கொழிந்திருக்க வேண்டிய ஒரு பொறிமுறை அந்த மாநிலத்தின் காடுகளில் இன்றும் புழங்குவதற்கு இந்த விதி ஒரு காரணம். தங்கள் துப்பாக்கியைத் தாங்களே செய்துகொள்ள விரும்பும் கைவேலைக்காரர்கள் இன்னொரு காரணம். அவர்களுக்காகக் குழல், பூட்டு (பொறி எழுப்பிப் பற்றவைக்கும் பொறியமைப்பு), மரக்கட்டை, பித்தளை உறுப்புகள் எல்லாம் ஒரே பெட்டியில் வருகின்றன. அதைத்தான் கிட் என்கிறார்கள். அந்தப் பெட்டியைத் திறப்பவர் செய்ய வேண்டிய வேலை என்ன, அது ஏன் அந்த வரிசையில் நடக்க வேண்டும் என்பதைப் புதியவருக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சட்டம். அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஃபிளின்ட்லாக் துப்பாக்கிகளையும் அவற்றின் நகல்களையும் பழம்பொருள் என்ற வகையில் வைக்கிறது; மாநிலச் சட்டங்கள் அதிலிருந்து மாறுபடலாம். இந்தியாவில் நிலைமை முற்றிலும் வேறு. இங்கே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியாக இருந்தாலும் உரிமமின்றிச் செய்வதும் வைத்திருப்பதும் குற்றம். ஆகவே இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு இது ஒரு பொறிமுறையைப் புரிந்துகொள்ளும் கட்டுரை மட்டுமே.

கிட் வாங்கிச் செய்வது உண்மையான கைவினை ஆகாது என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. வரலாறு அவர்கள் பக்கம் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவின் லான்காஸ்டர் வட்டாரத்தில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள், தங்கள் நாட்டின் குட்டையான, பருத்த யேகர் ரைஃபிளைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி மெலிதாக்கி, பின்னாளில் கென்டக்கி ரைஃபிள் என்று பெயர் பெற்ற நீள்துப்பாக்கியை உருவாக்கினார்கள். அவர்களில் பலர் பூட்டைத் தாங்களே செய்யவில்லை. இங்கிலாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் கப்பலில் வந்த ஆயத்தப் பூட்டுகளை வாங்கிப் பொருத்தினார்கள். பூட்டும் குழலும் மரமும் ஒன்றோடொன்று சேரும் இடத்தில்தான் அவர்களின் கைத்திறன் வெளிப்பட்டது. இன்று கிட் வாங்குபவருக்கும் அந்த இடத்தில்தான் வேலை.

பொறிமுறையைப் புரிந்துகொள்ளாமல் உளியை எடுக்கக் கூடாது என்பதால் முதலில் அதைப் பார்ப்போம். 1600களின் தொடக்கத்தில் பிரான்சில் உருப்பெற்ற இந்த அமைப்பு நார்மண்டியைச் சேர்ந்த மாரேன் லெ பூர்ஷ்வா என்ற கைவினைஞரின் படைப்பாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. துப்பாக்கியின் வலப்புறத்தில் ஓர் இரும்புத் தகடு. அதன்மேல் குதிரை, அதாவது விசையை இழுத்ததும் பாய்ந்து அடிக்கும் சுத்தி. அதன் இரு தாடைகளுக்கிடையே தோல்துண்டு சுற்றிய சக்கிமுக்கிக் கல் திருகி இறுக்கப்பட்டிருக்கும். குதிரைக்கு எதிரே, கீலில் அசையும் ஓர் எஃகு மடல் நிற்கும். அதற்கு ஃப்ரிசன் என்று பெயர். மடலின் அடிப்பகுதி ஒரு சிறு கிண்ணத்தை மூடியிருக்கும். அந்தக் கிண்ணத்தில் சிட்டிகையளவு நயமான கருமருந்து என்னும் பழைய வகை வெடிமருந்து. கிண்ணத்தை ஒட்டிக் குழலின் பக்கச் சுவரில் ஒரு நுண்துளை. அதைத் தமிழில் பற்றுவாய் என்பார்கள். பொருளைச் சரியாகப் பிடித்த சொல். விசையை இழுத்ததும் குதிரை பாய்கிறது. கல் மடலைச் சுரண்டியபடி அதை முன்னால் தள்ளித் திறக்கிறது. பொறிகள் கிண்ணத்தில் விழுகின்றன. கிண்ணத்து மருந்து பற்றுகிறது. அந்தச் சுடர் பற்றுவாய் வழியாக உள்ளே பாய்ந்து குழலில் இருக்கும் பெருமருந்தைப் பற்றவைக்கிறது.

இதில் பலரும் தவறாக எண்ணிக்கொள்ளும் ஒரு செய்தி உண்டு. பொறி கல்லிலிருந்து வருவதில்லை. தெருவில் சாணை பிடிப்பவர் கத்தியைச் சக்கரத்தில் வைத்ததும் தெறிக்கும் பொறிகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கே எரிவது கல்லன்று, கத்தியிலிருந்து சுரண்டப்பட்ட எஃகுத்துகள். இங்கும் அப்படித்தான். கூரான கல், கடினமாக்கப்பட்ட எஃகு முகத்தைச் சீவி எடுக்கும் மெல்லிய துணுக்குகள், சீவப்படும் வேகத்திலேயே சூடேறிக் காற்றில் எரிகின்றன. எனவே பொறி வரவில்லை என்றால் கல் மழுங்கியிருக்க வேண்டும், அல்லது மடலின் எஃகு போதிய கடினத்தன்மை இல்லாமல் இருக்க வேண்டும், அல்லது குதிரையை உந்தும் வில்லும் மடலைப் பிடித்திருக்கும் வில்லும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருக்க வேண்டும். கல்லை மாற்றுவது எளிது. மற்ற இரண்டும் பூட்டைச் செய்தவரின் கையில் இருப்பவை. கிட் வாங்கும்போது மரத்தின் அழகைப் பார்த்து மயங்கி மட்டமான பூட்டை ஏற்றுக்கொள்வதைப்போன்ற தவறு வேறில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

பூட்டின் உட்புறத்தில் டம்ளர் என்றோர் உறுப்பு உண்டு. நம் காப்பி டம்ளருக்கும் இதற்கும் ஓர் உறவும் இல்லை. குதிரையோடு சேர்ந்து சுழலும் இரும்புத் துண்டு இது. இதன் விளிம்பில் இரண்டு வெட்டுகள் இருக்கும். ஆழமான வெட்டு, குதிரையைப் பாதி பின்னிழுத்து நிறுத்தும் அரை ஏற்றத்துக்கு உரியது. அதில் நிற்கும்போது விசையை இழுத்தாலும் குதிரை விழக் கூடாது. ஆழம் குறைந்த மற்றது, குதிரை சுடத் தயாராக நிற்கும் முழு ஏற்றத்துக்கு உரியது. இந்த வெட்டுகளில் சென்று அமரும் சிறு நெம்புகோலுக்கு சியர் என்று பெயர். புதிதாக வந்த பூட்டில் விசை கடினமாக இருக்கிறதே என்று இந்த வெட்டுகளை அரத்தால் தேய்க்கத் தொடங்குபவர்கள் உண்டு. முதல் துப்பாக்கி செய்பவர் அதைத் தொடவே கூடாது. மயிரிழை கூடுதலாகத் தேய்ந்தாலும், தோளில் மாட்டி நடக்கும்போது குதிரை தானாக விழும் ஆபத்து வந்துவிடும்.

கிட் வகைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஏறக்குறைய எல்லாம் பொருந்திய நிலையில், தேய்த்து மெருகிட்டால் போதும் என்ற அளவில் வருபவை ஒரு வகை. இவற்றில் விலை குறைந்த சிலவற்றில் கட்டை இரண்டு துண்டாக வந்து நடுவில் இணைக்கப்படும். முன்செதுக்கிய கட்டையோடு வரும் வார்ப்பு உறுப்புகளை நாமே மரத்தில் பள்ளம் எடுத்துப் பதிக்க வேண்டியவை இரண்டாம் வகை; மாலைநேர வேலையாகச் செய்தால் மாதக்கணக்கில் இழுக்கும். அண்மைக்காலத்தில் கணினி இயக்கும் செதுக்கு எந்திரங்களால் மிக நுட்பமாக வெட்டப்பட்டு, கையால் அழுத்தினாலே பூட்டு உள்ளே அமரும் அளவுக்குத் துல்லியமாக வருபவை மூன்றாம் வகை. கைவேலைப் பழக்கம் குறைந்தவர் மூன்றாவதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். அதற்கு நான் கொடுக்க நேர்ந்த விலையைப் பின்னால் சொல்கிறேன்.

இனி வேலையின் வரிசை. இதுதான் புதியவருக்கு விளங்க வேண்டிய மையக் கருத்து. ஒரு ஃபிளின்ட்லாக் துப்பாக்கியில் எந்த உறுப்பும் தன் இடத்தைத் தானே தேர்ந்தெடுப்பதில்லை. முன்னால் பொருத்தப்பட்ட உறுப்பே அடுத்ததன் இடத்தை முடிவு செய்கிறது. குழலின் பின்முனையைத் திருகி அடைக்கும் அடைப்பின் உள்முகம் எங்கே முடிகிறதோ, அதற்குச் சற்று முன்னால்தான் பற்றுவாய் வர முடியும். பற்றுவாய் எங்கே வருமோ அங்கேதான் கிண்ணம் இருக்க வேண்டும். ஆகவே பூட்டின் இடம் அதனால் முடிவாகிறது. பூட்டு அமர்ந்த பிறகுதான் சியரின் கை மரத்துக்குள் எந்தப் புள்ளியில் நிற்கிறது என்பது தெரியும். விசையின் இடம் அதனால் முடிவாகிறது. விசை நின்ற பிறகே அதைக் காக்கும் வளையத்தின் இடம். இந்தச் சங்கிலியில் முதல் கண்ணியில் நேரும் ஒரு மில்லிமீட்டர்ப் பிழை கடைசிக் கண்ணிவரை நடந்து வரும். எளிதாக இருக்கிறதே என்று விசையையும் வளையத்தையும் முதலில் பதித்துவிட்டுப் பிறகு பூட்டுக்கு வருபவர், அநேகமாக இன்னொரு கட்டைக்குப் பணம் கொடுப்பார்.

எனவே முதலில் குழல். நீள்துப்பாக்கியின் குழல் பெரும்பாலும் எட்டுப் பட்டை கொண்டது; 42 அங்குல நீளம் என்பது சாதாரணம். அது கட்டையின் பள்ளத்தில் நெடுகிலும் சமமாகப் படிய வேண்டும். அதிலும் பின்முனை மரத்தின்மேல் இடைவெளியின்றி முட்டி நிற்க வேண்டும். சுடும்போது எழும் பின்னுதைப்பை அந்த முகம்தான் மரத்துக்குக் கடத்துகிறது. அங்கே இடைவெளி இருந்தால், சுமை அடைப்பின் பின்னால் நீளும் மெல்லிய வால்பகுதிக்குச் சென்று கட்டை பிளக்கும்.

பொருந்துகிறதா என்பதைக் கண்ணால் காண முடியாது. அதற்குப் பழைய கொல்லர்கள் கையாண்ட வழி, நம் வீடுகளில் கண்மை கூட்டிய வழியேதான். விளக்குச் சுடருக்குமேல் தகட்டைப் பிடித்துப் புகைக்கரி படிய வைப்பது. அல்லது கரியை எண்ணெயில் குழைத்து இரும்பில் மெலிதாகப் பூசுவது. பூசிய உறுப்பை மரத்தில் வைத்து, மரச்சுத்தியால் ஒரே ஒரு தட்டு. எடுத்துப் பார்த்தால் எங்கே இரும்பு மரத்தைத் தொட்டதோ அங்கே மட்டும் கறுப்புப் பொட்டு. அந்தப் பொட்டை மட்டும் கூர் உளியால் காகிதத் தடிப்புக்குச் சீவ வேண்டும். மறுபடி கரி, மறுபடி தட்டு, மறுபடி பொட்டு. என் பூட்டுத் தகட்டைப் பதிக்க இப்படி மூன்று மாலைகள் ஆயின. முதல் நாள் பொட்டுகள் மூலைகளில் மட்டும் இருந்தன. மூன்றாம் நாள் இரவு பள்ளத்தின் தரை முழுவதும் உளுந்து சிதறியதுபோல் சீராகக் கறுத்திருந்தது. அந்த நிலையில் நிறுத்த வேண்டும். இன்னும் ஒருமுறை சீவினால் இன்னும் நன்றாக இருக்கும் என்று தோன்றும். தோன்றும் அந்தக் கணத்தில்தான் பொருத்தம் தளர்கிறது.

பூட்டு அமர்ந்ததும் பற்றுவாய். ஏறத்தாழ 1/16 அங்குலம், அதாவது 1.6 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை. அதன் நடுப்புள்ளி, கிண்ணத்தின் மேல்விளிம்புக் கோட்டில் நிற்பது நல்லது. காரணம் இதுதான்: துளை கிண்ணத்தின் அடிமட்டத்தில் இருந்தால் அங்கே போடும் மருந்து துளையை மூடிக்கொள்ளும். அப்போது சுடர் ஒரே பாய்ச்சலில் உள்ளே புக முடியாது. துளைக்குள் அடைந்த மருந்து, வெடியின் திரிபோல் துணுக்குத் துணுக்காக எரிந்துதான் உள்ளே சென்று சேரும். துளை விளிம்பு மட்டத்தில் இருந்தால், மருந்தின் தலைக்குமேல் எழும் சுடரின் வெப்பம் தடையின்றி நேரே பாயும். குழலின் சுவர் தடிப்பும் இதில் சேர்ந்துகொள்கிறது. 7/8 அங்குலப் பட்டைக் குழலில் 0.50 அங்குல உள்விட்டம் இருந்தால், சுவர் 3/16 அங்குலம். சுடருக்கு அது நீண்ட சுரங்கம். அதைக் குறைப்பதற்காக, உட்புறம் புனல்போல் அகலக் குடையப்பட்ட சிறு எஃகு உறை ஒன்றைத் திருகிவிட்டு, அதன் நடுவில் துளை வருமாறு செய்வது இன்றைய வழக்கம். உள்மருந்து அந்தப் புனலுக்குள் வந்து வெளிச்சுவரின் அருகிலேயே காத்திருக்கும்.

நான் முன்பு சொன்ன விலை இங்கேதான் வந்தது. துளைக்குரிய புள்ளியைக் குறித்தபோது பூட்டின் இரண்டு திருகுகளில் ஒன்றை நான் முழுதாக இறுக்கியிருக்கவில்லை. குறித்துவிட்டுப் பிறகு இறுக்கினேன், பூட்டு மேலேறியது, துளை ஒன்றரை மில்லிமீட்டர் தாழ்ந்து நின்றது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. சுடுகளத்தில் காதுக்குத் தெரிந்தது. முடிவில் அதைவிடப் பெரிய விட்டமுள்ள உறையைத் திருகி, துளையைச் சற்று மேலே மாற்றித்தான் சரிசெய்ய முடிந்தது. கிண்ணத்தில் மருந்து எரிந்தும் குழலில் வெடிக்காமல் போவதை ஆங்கிலேயர் கிண்ணத்தோடு முடிந்த பளிச்சொளி என்று சொல்லி, அதையே பயனற்றுப்போன காரியங்களுக்கெல்லாம் உவமையாக்கிவிட்டார்கள். நாம் புஸ்வாணம் என்கிறோம்.

மர வேலையைப் பற்றி நீட்டத் தேவையில்லை. குழலின் அடியில் உள்ள காதுகளில் குறுக்கு ஊசிகளைச் செருகி அதைக் கட்டையோடு பிணைக்கும்போது, காதுகளின் துளையை நீளவாக்கில் சற்று அகட்டிவிட வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். ஈரப்பதத்துக்கேற்ப மரம் நீண்டு சுருங்கும், இரும்பு அந்தக் கணக்கில் வராது. மேப்பிள் மரத்துக்கு நிறமேற்றும் முறை ஒன்று மட்டும் பார்க்கத் தகுந்தது. இரும்பு கரைந்த நைட்ரிக் அமிலக் கரைசலைப் பூசினால் கட்டை முதலில் மங்கிய பச்சையாகத் தெரிந்து, என்ன கெடுத்துவிட்டோமோ என்று வயிற்றைக் கலக்கும். பிறகு சூடான காற்றைக் காட்டியதும் பச்சை மறைந்து செம்பழுப்பு பரவி, அதுவரை வெளிறிக் கிடந்த மரத்தில் புலிவரிகள் எழுந்து வரும். கரைசல் ஆயத்தமாகவே கிடைக்கிறது. வீட்டில் அமிலத்தைக் கலக்க வேண்டாம். கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். அதன்மேல் ஆளிவிதை எண்ணெய் பல பூச்சு.

ரைஃபிள் என்ற சொல்லுக்கே காரணமான, குழலின் உட்சுவரில் வெட்டப்பட்ட சுருள்வரிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 18ஆம் நூற்றாண்டுப் படைகள் தூக்கிச் சென்ற மஸ்கெட்டுகளில் இந்த வரிகள் இல்லை. தென்னிந்தியாவில் பாளையக்காரர்களுக்கு எதிராகக் கும்பினிப் படை ஏந்தியதும் அந்த வழவழப்பான குழல்தான். கிழக்கிந்தியக் கும்பினிக்கென்றே 39 அங்குலமாகக் குறுக்கப்பட்ட மாதிரியைப் பின்னர் பிரிட்டிஷ் அரசுப் படையும் 1790களில் ஏற்றுக்கொண்டது. அதில் குண்டு தளர்வாக இறங்கும். விரைவாகக் கெட்டிக்கலாம், குறி தவறும். ரைஃபிளில் ஈயக் குண்டு குழலைவிடச் சற்றே சிறியது. 0.50 அங்குலக் குழலுக்கு 0.490 அங்குலக் குண்டு என்பது வழக்கமான அளவு. எண்ணெய் தடவிய பருத்தித் துணி குண்டைச் சுற்றிப் பிடித்துக்கொள்ள, வரிகளின் சுழற்சியைக் குண்டுக்குக் கொடுப்பது அந்தத் துணிதான். வெளியே வந்ததும் துணி கழன்று விழும். விழுந்த துணியைப் பொறுக்கிப் பார்ப்பது ஒரு நல்ல பழக்கம். அது கருகிக் கிழிந்திருந்தால் குழலின் விளிம்பிலோ துணியின் தடிப்பிலோ குறை இருக்கிறது.

முதல் சூட்டுக்கு முன் மூன்று விதிகளை வளைக்கக் கூடாது. இந்தக் குழலில் கருமருந்து மட்டுமே இட வேண்டும். நவீனத் தோட்டாக்களில் உள்ள புகையில்லா மருந்தைச் சிறிதளவு இட்டாலும் அழுத்தம் பன்மடங்காகிக் குழல் வெடித்துக் கையையும் கண்ணையும் கொண்டுபோகும். கருமருந்துக்குப் பதிலாக விற்கப்படும் மாற்று மருந்துகள் பலவும் பற்றுவதற்கு அதிக வெப்பம் கேட்பவை. கல்லுக்குப் பதில் சிறு வெடிமூடியை அடித்துப் பற்றவைக்கும் கேப்புத் துப்பாக்கிக்கு அவை பொருந்தலாம், கல் துப்பாக்கிக்குச் சரிவராது. அடுத்தது, கெசக்கோல் என்னும் நீண்ட கோலால் குண்டை மருந்தின்மேல் இடைவெளியின்றி அமர்த்த வேண்டும். வெறுங்குழலிலும் கெட்டித்த குழலிலும் கோல் எவ்வளவு இறங்குகிறது என்று கோலிலேயே கோடு போட்டுக்கொண்டால், சுவரில் சாத்தியிருக்கும் துப்பாக்கியில் மருந்து இருக்கிறதா என்ற கேள்விக்கு எப்போதும் விடை கிடைக்கும். மூன்றாவது, கிண்ணம் எரிந்தும் வெடிக்காவிட்டால் குழல்முனையைக் குறியை நோக்கியே பிடித்தபடி ஒரு நிமிடமாவது காத்திருக்க வேண்டும். எட்டிப் பார்ப்பது தற்கொலைக்குச் சமம்.

புதிதாகச் செய்த துப்பாக்கியைத் தோளில் வைத்துச் சுடத் தொடங்க வேண்டாம். கனமான தாங்கியில் கட்டி, விசையில் நீண்ட கயிறு பூட்டி, மறைவில் நின்று சில முறை சுட்டுப் பார்ப்பது பழையவர்களின் வழக்கம். அதற்கும் முந்தைய நாள், குழலிலும் கிண்ணத்திலும் மருந்தே இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, அறை விளக்கை அணைத்துவிட்டுப் பூட்டை ஒருமுறை இயக்கிப் பாருங்கள். நல்ல பூட்டாக இருந்தால் வெண்பொறிகள் கற்றையாகக் கிண்ணத்துக்குள் விழுந்து, விழுந்த பின்னும் ஒரு கணம் அங்கேயே சீறிக் குதிக்கும். சிவந்த பொறிகள் நாலைந்து கிண்ணத்துக்கு வெளியே சிதறினால், கல்லை இன்னும் முன்தள்ளி இறுக்க வேண்டும்.

சுடுகளத்தில் காதைக் கொடுத்துக் கேளுங்கள். காதடைப்பான் வழியாகவும் இது கேட்கும். குதிரை விழும் டக், கிண்ணம் எரியும் புஸ், குழல் வெடிக்கும் டமார் என்ற மூன்றும் பிரிந்து பிரிந்து கேட்டால், பற்றுவாயில் மருந்து அடைத்திருக்கிறது, அல்லது அது தன் இடத்தில் இல்லை. மெல்லிய கம்பியால் துளையைக் குத்திச் சுத்தம் செய்துவிட்டு, கிண்ணத்தில் பாதியளவு மருந்து மட்டும் இட்டு மீண்டும் சுட்டுப் பாருங்கள். மூன்றும் ஒரே ஓசையாகக் கலந்துவிட்டால் உங்கள் துளை சரியான இடத்தில் இருக்கிறது. அன்று மாலையே வெந்நீர் விட்டுக் குழலைக் கழுவி, நன்கு உலர்த்தி, எண்ணெய் தடவி வையுங்கள். கருமருந்தின் கசடு காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பை விரைவில் துருப்பிடிக்க வைத்துவிடும்.